கலெக்டர் சாலையை மூடினால், டீசல் கேன் எப்படி மலையேறும்?

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், விடிந்த பிறகு திண்டுக்கல் மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கேரளப் பக்கம் போனது. கடலே இல்லாத ஊருக்குப் புயல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள். கொடைக்கானல் மலைச்சாலையில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது.

இந்த மாதிரி நாளில் முதலில் போவது மின்சாரம். அதோடு டி.வி.யும் போகும். டவரில் பேட்டரி தீர்ந்ததும் செல்போனும் கையில் வெறும் டார்ச்லைட்தான். கடைசியில் மிஞ்சுவது ரேடியோ. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று சமவெளி முழுக்க 100.5-ல் கேட்கிற கொடைக்கானல் பண்பலை, மலை உச்சியில் இருந்து வருகிறது. உயரத்தில் இருப்பதால்தான் அவ்வளவு தூரம் எட்டுகிறது. அதே உயரம்தான் அதன் சிக்கலும். கரண்ட் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் ஓட ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வண்டியும் பழுது பார்க்கும் இன்ஜினீயரும் மலைச்சாலையில்தான் ஏறியாக வேண்டும்.

அந்தச் சாலை மூடப்பட்டிருந்தால்?

2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இதற்கான அதிகாரம் கலெக்டர் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் இருக்கிறது. 34-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் எந்த நபர் நுழைவதையும், நடமாடுவதையும், வெளியேறுவதையும் அது கட்டுப்படுத்தலாம். வாகனங்களையும் நிறுத்தலாம். தேவையான அதிகாரம்தான், சந்தேகமில்லை. மண் சரியும் பாதையில் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களை வேறு எப்படித் தடுப்பது? ஆனால் ‘எந்த நபரும்’ என்ற சொல்லில் செல்ஃபி எடுக்கப் போகிறவரும் டீசல் கேனோடு நிற்கும் டெக்னீஷியனும் ஒன்றுதான். நியாயமான காரணம் இல்லாமல் தடையை மீறி அதிகாரியின் பணிக்கு இடைஞ்சல் செய்தால், 51-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை.

இதே சட்டத்தின் 67-வது பிரிவையும் சேர்த்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். எச்சரிக்கைகளை ஒலிபரப்பச் சொல்லி ஊடகங்களுக்கு உத்தரவிடுமாறு இதே ஆணையம் அரசுக்குப் பரிந்துரைக்கலாம். அதாவது, ‘சொல்’ என்று கட்டளையிட வழி உண்டு. சொல்ல வேண்டியவர் தன் நிலையத்துக்குப் போய்ச்சேர அதில் ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்காவில் இதைப் புயல்களில் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 2018-ல் அங்கே கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தி, பேரிடர் காலத்தின் அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்பையும் சேர்த்தார்கள். கருவியைச் சரிசெய்யப் போகிறவரை வழியில் மறிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. மூடப்பட்ட பேரிடர் பகுதிக்குள் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் நுழையலாம் என்று தண்டனைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

செய்தியாளர் என்றதும் விஷயம் சூடாகிவிடும். காரணம், நம் வீட்டு டி.வி.யில் நாமே பார்த்ததுதான். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் வழியில் மணப்பாறை. அதற்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25 மாலை இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29-ம் தேதி அதிகாலை உடலாகத்தான் மீட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் தமிழ்நாடே கேமரா வழியாக அந்தக் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரலையில் பெற்றோர் மூழ்கியிருந்தபோது, தூத்துக்குடியில் இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தது. அதே கேமராக்கள் போட்ட சத்தத்தில்தான், பல மாவட்டங்களில் திறந்து கிடந்த ஆழ்துளைக் கிணறுகளைத் தேடித் தேடி மூடினார்கள் என்பதும் உண்மை. ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் காணாத வேடசந்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் - திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே தூக்கி வந்தார்கள். அந்த மாதிரி இரவில் வாசலில் தேவைப்படுவது ஆம்புலன்ஸ் திரும்ப இடம். அங்கே ஒளிபரப்பு வேன் நிற்கக் கூடாது. ஆனால் எத்தனை வழிகள் இருந்தன, எது பூட்டிக் கிடந்தது என்று மறுநாள் கேட்க ஒருவர் வேண்டும். அவரையும் சேர்த்து விரட்டிவிட்டால் பதில் அதிகாரிகளின் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

அரசுகள் இரண்டு விதமாகவும் நடந்திருக்கின்றன. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கியபோது, மீட்பு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நேரலை செய்ய வேண்டாம் என்று மத்திய அரசு சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அதில் நியாயம் உண்டு. 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது, விஞ்ஞானிகள் அங்கே போகவும் கருத்துச் சொல்லவும் தடை என்பதாக கேரளத்தில் ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். பாதுகாப்புக்கும் வாய்ப்பூட்டுக்கும் நடுவில் உள்ள கோடு அவ்வளவு மெல்லியது.

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 24 அன்று நாடே ஊரடங்கில் முடங்கியபோது, இதே பேரிடர் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவில் அச்சு, மின்னணு ஊடகங்களுக்கு விலக்கு என்று ஒரு வரி இருந்தது. ஒரே வரிதான். அதைக் காட்டித்தான் நிருபர்கள் சோதனைச்சாவடிகளைக் கடந்தார்கள்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும் என்பது சட்டம். திண்டுக்கல் திட்டத்தில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கினால் போதும். டிரான்ஸ்மிட்டர் ஊழியருக்கும் டீசல் வண்டிக்கும் அனுமதிச் சீட்டு யார் தருவது, கேமராக்கள் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை எந்த அதிகாரி பேசுவது, எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே கேமரா உள்ளே போகலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மழை கொட்டும் நேரத்தில், மலையடிவாரச் சாவடியில் இருக்கும் காவலரே இதையெல்லாம் முடிவு செய்யட்டும் என்று விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். கையில் இருக்கும் போனில் எஃப்.எம். ரேடியோ வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். போன்களில் அந்த வசதியை முடக்கி வைக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பல போன்களில் ஒயர் வைத்த இயர்போன்தான் ஏரியல். புளூடூத்தை நம்பி அதைத் தூக்கிப் போட்டிருந்தால், மேஜை டிராயரில் தேடி எடுத்து வையுங்கள்.