வாயசைத்தால் போதுமா?

சென்ற மாதம் நமது சங்கத்தின் ஆண்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு சிறு சர்ச்சை. இவ்வாண்டு ‘வள்ளி திருமணம்’ போடுவது என்று முடிவாயிற்று. வள்ளி வேடத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு மேடைப் பழக்கம் அதிகம், முகத்தில் பாவம் நன்றாக வரும், பாட்டு வராது. மற்றவள் எட்டு வருஷமாகப் பாட்டுக் கற்றுக்கொள்பவள், மேடையில் கொஞ்சம் கூச்சம். இருவருமே நம் வீட்டுக் குழந்தைகள், ஆகையால் அடையாளம் எதுவும் சொல்லவில்லை. “பாடுகிறவளை ஸ்டூடியோவில் பாடவைத்து ரெக்கார்டு செய்துவிடுவோம், நடிக்கிறவள் மேடையில் வாயசைக்கட்டும்” என்றார் ஓர் அன்பர். நான் ஆட்சேபித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், அந்த மராட்டிப் படத்தைப் பார்க்கச் சொல்லி எங்க எல்லாரையும் துளைச்சு எடுத்தது நீங்கதானே? அதுல சச்சினா பாடினார்? வாயைத்தானே அசைச்சார்? படம் ஓடலையா?” என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அங்கே வராத பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

படத்தின் பெயர் ‘கட்யார் காள்ஜாத் குஸலி’. கட்யார் என்பது நம் கட்டாரிதான். நெஞ்சில் பாய்ந்த கட்டாரி என்று பொருள். 2015 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு மூலம் 1967-ல் மேடையேறிய இசை நாடகம். எழுதியவர் புருஷோத்தம் தார்வேகர், இசை ஜிதேந்திர அபிஷேகி. ஒரு சமஸ்தானத்தில் அரசவைப் பாடகர் பதவிக்காக இரண்டு பாணிகள் மோதிக்கொள்வது கதை. ஒரு பக்கம் பண்டிட் பானுசங்கர், மறு பக்கம் கான்சாகேப். பிற்பாடு பண்டிட்ஜியின் பாணியை மீட்க வரும் இளைஞன் சதாசிவம். கவனிக்க வேண்டியது, இதில் சண்டையே குரலால்தான். ஒரே பாட்டு இரண்டு பாணியில் இரண்டு மெட்டில் வரும். எது உயர்ந்தது என்று சபையில் உட்கார்ந்திருப்பவன் காதால் தீர்மானிக்க வேண்டும்.

நம்மில் பலர் முப்பது நாற்பது வருஷமாக இந்த மாநிலத்தில் உப்பைத் தின்றும் மராட்டி நாடகக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாண் யார்டில் எனக்கு மேலே ஒரு சார்ஜ்மேன் இருந்தார், மராட்டிக்காரர். இரவு ஷிஃப்டில் டீ வரும் நேரத்துக்கு டேப் ரிக்கார்டரில் வசந்தராவ் தேஷ்பாண்டே கேசட்டைப் போடுவார். “அண்ணா, ஐகா” என்பார். தெற்கத்தியர் எல்லாரும் அவர்களுக்கு அண்ணாதானே! அந்த நாடகத்தில் கான்சாகேபாக மேடையில் நின்று நடித்துப் பாடியவர் வசந்தராவ். அவர் 1983-ல் காலமாகிவிட்டார். நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்கில்லை. ஆனால் 2010-ல் அவருடைய பேரன் ராகுல் தேஷ்பாண்டே கான்சாகேபாகவும் மகேஷ் காளே சதாசிவமாகவும் அந்த நாடகத்தைப் புதுப்பித்துப் போட்டார்கள். தானேயில் ஓர் அரங்கில் பார்த்தேன். ராகுல் ஒரு தானை எடுத்து மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைப்பது எட்டாவது வரிசைக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் ஜனங்கள் “ஒன்ஸ் மோர்” என்று கூச்சல் போட்டார்கள். அவரும் கதையைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடி பாடினார். நம் பக்கத்துப் பழைய நாடகக்காரர்களுக்கும் இது பழக்கமான விஷயம்தான்.

இதைப் படமாக எடுத்தவர் சுபோத் பாவே. நாடகத்தைப் புதுப்பித்ததிலும் பங்குள்ளவர். அவர் செய்த முக்கியமான காரியம், மேடையில் ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்தது. ராகுலின் குரலை எடுத்துக்கொண்டு, முகத்துக்குச் சச்சின் பில்காவ்ங்கரைப் போட்டார். மகேஷ் காளேயின் குரலை எடுத்துக்கொண்டு, முகத்துக்குத் தாமே நின்றார். பண்டிட்ஜி வேடத்துக்கு மட்டும் பாடுகிறவரையே நடிக்கவைத்தார். அவர் நமது ஷங்கர் மகாதேவன்.

‘நமது’ என்று நான் எழுதியது தவறில்லை. செம்பூரில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் நம் சங்கத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் “நம்ம ஷங்கர் பிரமாதம்” என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. டி.ஆர். பாலாமணி அம்மாளிடம் கர்நாடக சங்கீதம் கற்ற அதே பையன்தான் ஸ்ரீநிவாஸ் களேயிடம் மராட்டிப் பாட்டும் கற்றான். அந்த இரண்டாவது குருகுலம் இல்லாவிட்டால் இந்தப் பண்டிட்ஜி இல்லை.

இனி என் தீர்ப்பு. முதலில் ஷங்கரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் நடிகர் அல்ல. பாடாத காட்சிகளில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். கோபம், துக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே சாந்தமான முகம்தான். ஆனால் பாட ஆரம்பித்ததும் இவர்தான் பண்டிட்ஜி. ‘ஸுர் நிராகஸ் ஹோ’ என்ற விநாயகர் பிரார்த்தனையில் தோள் தளர்ந்திருப்பதையும், மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் வயிறு தன்னால் உள்வாங்குவதையும் பாருங்கள். சினிமா வழக்கப்படி பாட்டை முன்பே பதிவு செய்திருப்பார்கள், ஆகவே படப்பிடிப்பில் அவரும் வாயசைத்தவர்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் மூச்சு எடுத்தோம் என்பது அவர் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது.

சச்சின் விஷயம் சிக்கலானது. ‘ஷோலே’யில் இமாம் சாகேபின் பையனாக வந்தாரே, அவர்தான். ஐந்து வயது முதல் காமிராவைப் பார்த்தவர். தோற்றுப்போன பாடகனின் பொறாமையும் அவமானமும் வீட்டில் அவன் எரிந்து விழுவதும் ராகுலுக்கு இவ்வளவு அழகாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அந்த மட்டில் நம் அன்பர் சொன்னது சரி. ஆனால் அவர் வசனம் பேசிவிட்டுப் பாட்டுக்குள் நுழையும் இடங்களைக் கவனியுங்கள். பேசுவது ஐம்பத்தெட்டு வயதுக் குரல், பாடுவது முப்பத்தாறு வயதுக் குரல். கப்ளிங் சரியாக இறுக்காத வண்டி கிளம்பும்போது ஒரு குலுக்கல் கொடுக்குமே, அது கொடுக்கிறது. கை அசைவுகளைச் சச்சின் நன்றாகப் பயின்றிருக்கிறார், தாளமும் தப்பவில்லை. ஆனால் அத்தனை நீளத் தானுக்குப் பிறகு மனிதருக்கு மூச்சு வாங்கவே இல்லை! மார்பு அசையவில்லை. இரண்டாம் தடவை பார்க்கையில் என் கண் அங்கேயே போய் நின்றுவிட்டது. (என் மனைவி, “நீங்க படம் பார்க்கிறீங்களா, வண்டிக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்கிறீங்களா?” என்றாள்.)

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் முப்பத்தேழு வருஷம் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் இருந்தவன். அந்தக் காலத்தில் வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல சக்கரம் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று செத்த சத்தம் போடும். பெயிண்ட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்தச் சத்தம் மறையாது. அந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

சுபோத் பாவேயின் சதாசிவம் எனக்கு இதைவிடக் குறைவாகவே உறுத்தியது. சதாசிவத்துக்குத் தவிப்பும் பணிவும்தான் முக்கியம், அது அவருக்கு நன்றாக வருகிறது. மகேஷ் காளே அபிஷேகியிடமே நேரில் கற்றவர். இந்தப் படத்தில் பாடியதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை: 2011-ல் வந்த ‘பாலகந்தர்வா’ படத்திலும் சுபோத் பாவேதான் நாயகன். அதில் குரல் கொடுத்த ஆனந்த் பாட்டேக்கும் தேசிய விருது. ஒரே முகத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு குரல்களுக்கு இரண்டு விருது! பெண் வேடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கதையே அவர்களுக்கு அவ்வளவாக இடம் தரவில்லை. ஷங்கர்-எஹ்ஸான்-லாய் சேர்த்த புதுப் பாட்டுகள் இனிமையாக இருக்கின்றன. ஆனால் அபிஷேகியின் பழைய பாட்டுகளுக்கும் பின்னால் இத்தனை வாத்தியங்களை நிரப்பியிருக்க வேண்டாம். பாடகனின் மூச்சுச் சத்தம் கூடக் கேட்காமல் இழைத்துவிட்டார்கள்.

பின்னணிப் பாட்டே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சங்கராபரண’த்தில் சோமயாஜுலு பாடகரே அல்ல. டெபுடி கலெக்டராக இருந்தவர். பாடியது எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அந்தச் சாஸ்திரிகளை நாம் யாரும் சந்தேகிக்கவில்லை. அது சினிமாவுக்கென்றே பிறந்த கதை, முகமும் குரலும் முதன்முதல் சேர்ந்தே நமக்கு அறிமுகமாயின. இங்கே அப்படியில்லை. நாடகம் பார்த்தவன் மனத்தில் ஒரே ஆள் நடித்துப் பாடிய ஞாபகம் இருக்கிறது. அந்த ஆளும் உயிரோடு, ஸ்டூடியோவில் மைக்குக்கு முன்னால் நிற்கிறார்!

எதிர்க்கட்சிக்குச் சாதகமான ஒரு சங்கதியையும் நானே சொல்லிவிடுகிறேன், நம் வள்ளி பற்றியதே. 1945-ல் ஏவி.எம். ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தபோது கதாநாயகி ருக்மிணி தாமே பாடினார். படம் வெளியான பிறகு பாட்டு திருப்தியில்லை என்று செட்டியார் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் பொருத்தினார். படம் அமோகமாக ஓடியது. ஆக, வாயசைத்த வள்ளி நமக்குப் புதிதல்ல. ஆனால் அது திரையில். காமிரா தள்ளி நிற்கும், கோணத்தை மாற்றும், வேண்டாததை வெட்டும். நம் கல்யாண மண்டப மேடையில் அதெல்லாம் எங்கே? முன்வரிசையில் தாத்தா பாட்டிகள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

மறு பக்கத்துக் கோளாறும் உண்டு. ‘லே மிஸராப்ல’ என்ற மேடை இசை நாடகத்தை 2012-ல் ஆங்கிலத்தில் படமாக எடுத்தபோது, நடிகர்கள் எல்லோரும் காமிராவுக்கு முன்னாலேயே நேரடியாகப் பாடினார்கள். என் மகள் காட்டினாள். ஆன் ஹாத்தவே அழுகையும் பாட்டும் பிரியாமல் ஒரே ஷாட்டில் பாடுகிறார். ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. அதே படத்தில் போலீஸ் அதிகாரியாக வரும் ரஸ்ஸல் குரோ பாடும்போது, பாவம், படி ஏறத் தெரியாதவர் ஏணியில் ஏறுவதுபோல் இருந்தது. சொந்தக் குரல் என்பதற்காக மட்டும் மார்க் போட முடியாது.

ராகுல் தேஷ்பாண்டேயைக் காமிராவுக்கு முன் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 2022-ல் ‘மீ வசந்தராவ்’ வெளிவந்தது. தம் தாத்தாவாகத் தாமே நடித்துத் தாமே பாடினார். சச்சினின் சாமர்த்தியம் அவரிடம் இல்லைதான். சில காட்சிகளில் தடுமாறுகிறார். ஆனால் பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பாட்டுக்கும் போகும்போது அந்தக் குலுக்கல் இல்லை. பாடியதற்குத் தேசிய விருதும் வாங்கினார். ‘கட்யார்’ எடுத்தவர்கள் இந்தத் துணிச்சலை ஏழு வருஷம் முன்னால் காட்டியிருக்கலாம் என்பது என் வருத்தம். வியாபாரத்துக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் போட்டது பெரிய முதல். நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, நம் விழாவுக்கு டிக்கெட்டே கிடையாது.

நிற்க. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணம் போட்ட காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். பேசும் படம் ஒன்றிலும் அவர் இல்லை. அம்மாளோ 1935-ல் நந்தனாராக, ஆண் வேடத்தில், தம் குரலிலேயே படத்தில் வந்தார். ஆகவே என் யோசனை இது. பாடுகிற பெண் வள்ளியாக இருக்கட்டும். கூச்சம் ஒத்திகையில் போகும். நடிக்கிற பெண் விருத்தர் வேடம் போடட்டும். கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்டு வள்ளியைப் படுத்துகிற பாடு முழுக்க வசனமும் நடிப்பும்தான், சபையும் அதற்குத்தான் அதிகம் சிரிக்கும். வேலனுக்கு மட்டும் பாடத் தெரிந்த ஒரு பையன் வேண்டும். ஹார்மோனியத்துக்கும் ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்குச் சங்கத்துக்கு வந்தால் நான் இருப்பேன். என்னைக் கேள்வி கேட்ட அன்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.