மனைக்குத்தான் சார் விலை!

சென்னையில் பழைய வீடு ஒன்றை விலைக்குப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள்: ‘‘மனைக்குத்தான் சார் விலை. கட்டடத்துக்கு ஒரு பைசாகூடப் போடலை.’’ ஏதோ உங்களுக்குச் சலுகை தருவது மாதிரி புரோக்கர் இதைச் சொல்வார். நீங்களும் தலையாட்டுவீர்கள். கூட வந்த மச்சான், ‘‘ஆமா, எப்படியும் இடிச்சுட்டுத்தானே கட்டப்போறோம்’’ என்பார். முடிந்தது கதை. அதற்கப்புறம் அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கவோ மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கவோ யாருக்கும் தோன்றாது.

இந்தப் பூஜ்யத்தைப் போட்டது யார்? பொறியாளரா? இல்லை. அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலு பேர் வாசலில் நின்றபடி போட்ட பூஜ்யம் அது.

இதே புரோக்கர் இதே வீட்டை வாடகைக்கு விட நேர்ந்தால் என்ன சொல்வார்? ‘‘அந்தக் காலத்துக் கட்டடம் சார், பீரங்கி வெச்சாலும் அசையாது.’’ விற்கும்போது குட்டிச்சுவர், வாடகைக்கு விடும்போது கோட்டை! பத்திரப்பதிவு அலுவலகம்கூட இவர்களைவிட நியாயமாக நடந்துகொள்கிறது. கட்டடத்தின் வயதுக்கு ஏற்பக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதற்கும் முத்திரைத் தீர்வை வாங்குகிறது. அரசாங்கத்துக்குப் பூஜ்யமாகத் தெரியாதது உங்களுக்கு மட்டும் ஏன் பூஜ்யம்?

‘பழசு என்றால் விழுந்துவிடும், புதுசு என்றால் நிற்கும்’ என்கிற நம்பிக்கைதான் காரணம். சரி, இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது பழைய கட்டடமா? கட்டி முடிக்கக்கூட இல்லை. ஒருவரும் குடிவரவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. அதற்கு 30 வயதுகூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே சென்னையில், மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நூறு வயதைத் தொட்ட வீடுகளில் இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கட்டடத்தின் ஆயுளை முடிவு செய்வது பிறந்த வருடம் அல்ல. எப்படிக் கட்டினார்கள், எப்படிப் பராமரித்தார்கள் என்பதுதான்.

வீடு பார்க்கப் போகும்போது யாரை அழைத்துப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாஸ்து பார்ப்பவர் வருகிறார். ஈசானிய மூலையில் கக்கூஸ் இருக்கிறதா, தெருக்குத்து உண்டா, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாம் அலசப்படுகிறது. வக்கீல் மூலப்பத்திரத்தையும் 30 வருட வில்லங்கத்தையும் பார்க்கிறார். அது அவசியம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்? ‘‘அவருக்கு வேற தண்டமா எதுக்கு ஃபீஸ்?’’

கணக்கைப் பாருங்கள். 80 லட்சம் ரூபாய் வீடு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். மொத்தத்துக்கும் பதிந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் அரசாங்கத்துக்கு. புரோக்கருக்கு ஒரு சதவிகிதம் என்றாலும் 80 ஆயிரம். வங்கிக்கு 20 வருட வட்டி. இத்தனையும் மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிற நாம், இந்தக் கூரை தலையில் விழுமா விழாதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம்தான் பேரம் பேசுகிறோம்.

அந்த ஆள் வருவதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. பழைய வீட்டை வெயில் காலத்தில் பார்க்காதீர்கள். ஏப்ரலில் எல்லா வீடும் யோக்கியமாகத்தான் இருக்கும். ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாள் காலை போங்கள். ஓதம் எந்தச் சுவரில் ஏறுகிறது, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று வீடே சொல்லும். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். எதையோ மறைத்திருக்கலாம். 2015-லும் 2023-லும் வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்வார்.

அப்புறம் கூரை. ரொம்பப் பழைய வீடு என்றால் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாக்கில் அடுக்கிய செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். உத்திரம் நடுவில் கம்பீரமாகத்தான் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கிற முனைதான் முதலில் உளுத்துப்போகும். அங்கே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிந்தைய கான்கிரீட் வீடு என்றால் சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பாகம், பாத்ரூம் கூரை மூன்றையும் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைப் பிளந்து தள்ளும். கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் சங்கதி இதுதான். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே இறங்கி, ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு விரிந்த விரிசல் என்றால் அஸ்திவாரத்தையே சந்தேகப்பட வேண்டும்.

எல்லாப் பழைய வீட்டையும் கும்பிட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அஸ்திவாரம் இறங்கிய வீடு, வீடு முழுக்கக் கம்பி அரித்த வீடு, வருடா வருடம் வெள்ளம் புகுகிற வீடு, இவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

‘‘எழுதுறவருக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவார். ரிப்பேர்ல கை வெச்சா புதுசா கட்டுற செலவாயிடும்’’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆகும். எப்போது? எஸ்டிமேட் இல்லாமல் இறங்கினால் ஆகும். முதல் காரியமாக மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் ஆகும். முதலில் கூரையும் ஒழுகலும், அடுத்து ஃபியூஸ் கட்டை காலத்து வயரிங்கை மாற்றி ஒழுங்கான எர்த், பிறகு துருப்பிடித்த குழாய்களும் கழிவறையும். டைல்ஸும் பெயின்ட்டும் கடைசி. நாம் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பழைய வீட்டைத் திட்டுகிறோம்.

இன்னும் இரண்டு பாவங்கள் இருக்கின்றன. பழைய வீடுகள் பெரும்பாலும் தூணில் நிற்பதில்லை, சுவரில் நிற்கின்றன. ‘ஓப்பன் கிச்சன்’ ஆசையில் நடுச்சுவரை உடைப்பது, நிற்கிற மனிதனின் காலை எடுப்பது மாதிரி. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பது அடுத்த பாவம். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று பொரிந்து கொட்டும். பிறகு, ‘‘அந்தக் காலத்துக் கட்டடமே இப்படித்தான்!’’ சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டுக் கட்டவில்லையா? எரிந்துபோன மாளிகைக்கே மறுவாழ்வு உண்டு என்றால், ஒழுகுகிற வீட்டுக்கு இல்லையா?

இன்ஜினீயரின் எஸ்டிமேட் இன்னொரு விதத்திலும் உதவும். ‘‘கூரைக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு ஆகும், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்’’ என்று காகிதத்தை மேஜையில் வைத்துப் பேசலாம். வாசலில் நின்று பூஜ்யம் போடுகிறவருக்கு இந்தப் பேரம் வாய்க்காது.

பூஜ்யம் என்று சொன்னால் யாருக்கு லாபம் என்பதையும் யோசியுங்கள். மனையாகப் பார்த்தால்தான் அங்கே எட்டு ஃபிளாட் தெரியும். எட்டு ஃபிளாட் என்றால் எட்டு கமிஷன். 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டலாம். உண்மையிலேயே ஆபத்தான கட்டடங்களுக்கு அது வரம். ஆனால் கையெழுத்துக் கேட்டு வருகிறவரிடம், ‘இடிக்கத்தான் வேண்டும் என்று எந்த இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தார்?’ என்று கேட்க மறந்தால் அங்கேயும் அதே பூஜ்யம்தான்.

இடித்தால் செங்கலும் காரையும் லாரி லாரியாக எங்கே போகின்றன? கொஞ்ச நாள் தெருவோரத்தில், பிறகு ஏதாவது ஏரிக்கரையில். அடுத்த மழைக்கு அந்த ஏரி உங்கள் தெருவுக்கு வரும். ஒரு டன் சிமென்ட் செய்ய அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நன்றாக நிற்கிற வீட்டை இடித்து, அதே இடத்தில் இன்னொன்றைக் கட்டுவதற்கு நாம் கொடுக்கிற விலையில் இதெல்லாமும் சேர்த்தி. பத்திரத்தில் இது வராது, அவ்வளவுதான்.

வாங்குகிற தேங்காயைக்கூட ஆட்டிப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம். ஆயுள்காலச் சேமிப்பைக் கொட்டி வாங்குகிற வீட்டைத் தட்டிப் பார்க்க மாட்டோமா? அடுத்த முறை யாராவது ‘‘மனைக்குத்தான் சார் விலை’’ என்றால் சண்டை போடாதீர்கள். ‘‘அப்படியா? ஞாயிற்றுக்கிழமை இன்ஜினீயரோட வரேன். மாடிச் சாவியை வாங்கி வைங்க’’ என்று மட்டும் சொல்லுங்கள்.