மலேரியா போய்விட்டதாம்!

"மலேரியாவா? அது தாத்தா காலத்து லயத்துக் காய்ச்சல்." சுங்கைப் பட்டாணியிலிருந்து பாலிங் வரை யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் வீடு வந்தது, கொயினா மாத்திரையோடு மலேரியாவும் ஒழிந்தது என்பது நம் கணக்கு. கணக்கு தப்பு.

ஒழிந்தது மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கடத்தும் மலேரியா. 2018 முதல் மலேசியாவில் அது உள்ளூரில் தொற்றியதாகப் பதிவில்லை. சுகாதார ஊழியர்களுக்குத்தான் அந்தப் பெருமை. குரங்குகளிடமிருந்து மனிதருக்குக் கொசு கடத்தும் குரங்கு மலேரியா ஒழியவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. சபா, சரவாக்கில் அதிகம்தான், தீபகற்பமும் தப்பிவிடவில்லை. 1965இலேயே பகாங் காட்டில் தங்கிய அமெரிக்கர் ஒருவருக்கு அது தொற்றியது. அபூர்வம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒதுக்கியது எவ்வளவு பிசகு என்பதைக் காப்பிட் காட்டியது. சரவாக்கின் அந்த ஊரில் நுண்ணோக்கியில் ரத்தம் பார்த்தவர்கள் பலருக்கும் 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்று எழுதிவந்தார்கள். அது மூன்று நாளுக்கொரு முறை பெருகும் மந்தமான ஒட்டுண்ணி. இந்த நோயாளிகளின் ரத்தத்திலோ ஒட்டுண்ணிகள் வழக்கத்தைவிட அதிகம். பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆய்வுக் குழு சந்தேகப்பட்டு ஒட்டுண்ணியின் மரபணுவைப் படித்தது. அவர்கள் படித்த, செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமுக்கான மரபணு எல்லா உயிரிலும் உண்டு. மிக மெதுவாகவே மாறும். இரண்டு உயிரிகளின் எழுத்து வரிசையை அருகருகே வைத்து, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணினால் உறவின் தூரம் தெரிந்துவிடும். 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது: மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்குக் குரங்குகளின் ஒட்டுண்ணியான 'நோலெசி', மலேரியே ஒருவருக்குக்கூட இல்லை. பார்வைக்கு மலேரியேயின் சாயல், மரபணுவில் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியின் பங்காளி! முகச்சாயலை நம்பி வம்சம் சொன்னதன் விளைவு அது.

நோலெசி 24 மணி நேரத்துக்கொரு முறை பல மடங்காகப் பெருகும். நாமோ காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்கிறோம். டிங்கி இல்லை என்று சோதனையில் வந்துவிட்டால் நிம்மதியாகி விடுகிறோம். காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லத் தோன்றுவதில்லை. சொன்னால்தானே மலேரியாவுக்கும் ரத்தம் பார்ப்பார்?

குரங்கைச் சுட்டால் தீரும் என்போரும் இருக்கிறார்கள். கடித்து ஒட்டுண்ணியை ஏற்றுவது கொசு. அந்தி சாய்ந்தபின் காட்டோரத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்து கதை பேசுவது நாம்.