பழைய கார்டுக்குப் புது டிரைவரா?

நம் சங்க அன்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "பையன் ராத்திரியெல்லாம் பழைய டோக்கன் ரிங் கார்டுக்கு டிரைவர் எழுதுகிறான் சார். கிறுக்குத்தனம்தானே?"

இல்லை என்பேன். ஐபிஎம் 1985-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. வேகம் வினாடிக்கு 4 மெகாபிட், பிறகு 16. மலிவான ஈதர்நெட் முன் ஓய்ந்துபோனது. 2012-ல் லினக்ஸும் அந்த டிரைவர்களை நீக்கிவிட்டது. நியாயம்தான். கர்னல் மாறும்போதெல்லாம் அவற்றையும் யாராவது திருத்த வேண்டுமே!

ஆனால் கார்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். லட்சக்கணக்கில் வாங்கிய பட்டறை இயந்திரம் அந்தக் கார்டு வழியாகத்தான் பேசும் என்றால்? (எங்கள் தொழிற்பேட்டையில் அப்படியொன்றைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். வயிறு எரிந்தது.) பையன் எழுதட்டும். பத்து வருஷம் பராமரிக்கவும் தயாரா என்று மட்டும் கேளுங்கள்.