கண்ணின் பிணியும் காட்சியின் பிணியும்

கண் நன்றாயிருக்கவும் காட்சி குன்றலாம் என்பதை நம்மிற் பலர் அறியார். பார்வை மங்கிற்றென்றால் மூக்குக்கண்ணாடியை மாற்றுதலே பரிகாரமெனக் கருதுகின்றனர். விழித்திரையிற் பட்ட ஒளி, நரம்பின் வழியே மூளையின் பிற்புறத்தை அடைந்த பின்னரே காட்சியாகின்றது. அப்பாதையில் எங்கே பழுது நேரினும் பார்வை கெடும்.

இரு விழிகளின் நரம்புகளும் மூளையின் அடியில் ஒன்றுகூட, மூக்குப்பக்கத்து இழைகள் அவ்விடத்தே எதிர்ப்புறம் மாறிச் செல்கின்றன. அச்சந்தியின் கீழே கபச்சுரப்பி உளது. அதிற் கட்டியொன்று வளர்ந்து மேலெழுந்து நெருக்குமாயின், குறுக்கே செல்லும் அவ்விழைகள் நலிவுறும். அந்நோயாளன் நேரேயுள்ள எழுத்தை வாசிப்பான். இருமருங்கும் உள்ளவை தெரியாமையாற் கதவுநிலையில் இடிபடுவான். கவனயீனன் என்று அவனை ஏசுதல் எளிது.

ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த ஸ்கான் கருவி 1971 இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பின்வந்த எம்.ஆர்.ஐ. கருவியோ, எக்ஸ்-கதிரின்றியே, கட்டியையும் அது நரம்பை நெருக்கும் இடத்தையும் தெளிவுறக் காட்டும். 1991 இல் அறிவிக்கப்பெற்ற ஓ.சி.டி. என்னும் முறை, ஒளியைக் கொண்டே விழித்திரையின் படைகளை அளப்பது. குளுக்கோமா நோயில் நரம்பிழைகள் மெலிவதை, நோயாளன் தன் குறையை உணருமுன்னரே அது காட்டவல்லது.

இவை போற்றத்தக்கன. ஆயின் என் வழக்கு வேறு.

மாணவன் ஒருவனின் தந்தையார் இத்தகைய அறிக்கையொன்றை என்னிடம் கொணர்ந்து, “பண்டிதரையா, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?” என்று வினவினார். முழுதும் ஆங்கிலம். படமெடுத்தவிடத்தில் எவரும் அவருக்கு விளக்கவில்லையாம். ‘கட்டி’ என்ற ஒரு சொல் மாத்திரம் காதில் விழ, புற்றுநோயென்று அஞ்சி, மறுபடி வைத்தியசாலைக்குச் செல்வதையே கைவிட எண்ணியிருந்தார். கபச்சுரப்பிக் கட்டிகளுட் பெரும்பாலான புற்றுநோயல்ல. காலத்தே நெருக்கம் நீங்கின் இழந்த பார்வை மீளவுங்கூடும். இதனைத் தமிழிற் சொல்ல எத்துணை நேரம் வேண்டும்?

தமிழிற் சொல் இல்லை என்பார்க்கு ஒன்று கூறுவேன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழாக்கினார். அன்று இயன்றது இன்று இயலாதோ? விழித்திரை, கபச்சுரப்பி ஆகிய சொற்களைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர்.

வைத்தியர்கள் தமக்குள் வழங்கும் அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதனோடு நோயாளியின் கையில் தமிழில் ஒரு பக்கம் கொடுத்தல் வேண்டும்: பழுது எவ்விடத்தது, அதன் பெயர் யாது, எப்போது மீள வருதல் வேண்டும், தாழ்த்தின் என்ன நேரும் என்பன அதில் இருந்தாற் போதும். எழுத மொழித்துணை வேண்டின் எம்போன்ற ஆசிரியர்களைக் கேட்கலாம். கூலியின்றியே எழுதித் தருவோம்.