உடைசலுக்கும் ஒரு விலை உண்டு



சரக்கு இறக்கும்போது உடைந்த பீங்கான், டைல்ஸ் சில்லு, வளையல் துண்டு எல்லாவற்றையும் எங்கே கொட்டுகிறோம்? நாகலாபுரத்தில் ஓடைக் கரையில்தான். நானும் கொட்டியவன்தான்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 வாக்கில் இதே உடைசலைச் சைக்கிளில் சுமந்து, அரசு காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் பறவை, விலங்கு உருவங்கள் செய்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்கத்தான் பார்த்தார்கள். ஊர் மக்கள் ஆதரவால் தப்பி 1976-ல் பாறைத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்துகூடத் தொண்டர்கள் வந்து அங்கே சில்லு பதித்தார்கள்.

நம் ஊர்ப் பள்ளிச் சுவரில் பனையும் வேம்பும் மயிலும் பதித்தால் என்ன? சிமென்ட் இறுகுமுன் பதிக்க வேண்டிய வேலை. ஒரு கொத்தனார் போதாது, பத்துக் கை வேண்டும். (பிள்ளைகளிடம் கொடுக்குமுன் சில்லின் கூர் முனையைத் தேய்த்துவிட வேண்டும்.)

"நன்கொடை தருகிறேன், சுவரில் கடைப் பெயர் போடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. விளம்பரத்துக்கு ஊரில் வேறு சுவரா இல்லை? மயிலின் தோகையில் மளிகைக் கடைப் பெயர் இருந்தால் நாளை அந்தச் சுவரை யார் தம்முடையது என்று காப்பார்கள்?

கேட்பது பணமல்ல. ஞாயிறு கடை அடைத்தபின் இரண்டு மணி நேரம், ஒரு சாக்கு உடைசல். வத்தல் சாக்கு மட்டும் வேண்டாம், நெடி பிள்ளைகள் கண்ணைக் கரிக்கும். என் கடை வாசலில் ஒரு பருப்புச் சாக்கு வைத்திருக்கிறேன்.