அருவிக்கு முன் ஆலயம்

வேல்ஸ் நாட்டின் லன்ரையடர்-அம்-மொக்னன்ட் கிராமத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு 73 மீட்டர் உயர பிஸ்டில் ரையடர் அருவியைப் பார்ப்பதில்தான் அவசரம். ஊருக்குள் இருக்கும் புனித தோக்வன் ஆலயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1578இல் அங்கே போதகராக வந்த வில்லியம் மோர்கன்தான், எபிரேய மூலத்திலிருந்து பழைய ஏற்பாட்டை வேல்ஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர். வில்லியம் சால்ஸ்பரி முதலானோர் 1567இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டையும் திருத்திச் சேர்த்து, 1588இல் முழு வேதாகமத்தையும் அச்சேற்றினார். அதற்காக லண்டனில் ஏறக்குறைய ஓராண்டு தங்கி, வேல்ஷ் தெரியாத அச்சகத்தாரின் பக்கங்களைப் பிழை பார்த்தார். ஊரிலோ அவருக்கு நிம்மதியில்லை. உள்ளூர்ப் பகையில் வழக்குமேல் வழக்கு. அங்கிக்குள் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்றுகூடக் குற்றம் சாட்டினார்கள்.

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஷ் மொழியை நீதிமன்றத்திலிருந்தே வெளியேற்றியிருந்தது. மொழிபெயர்ப்புக்கு உத்தரவிட்ட 1563ஆம் ஆண்டுச் சட்டமும், ஆங்கில வேதாகமத்தை ஆலயத்தில் பக்கத்திலேயே வைக்கச் சொன்னது. ஒப்பிட்டுப் படித்து மக்கள் ஆங்கிலம் கற்கட்டும் என்பது நோக்கம். நடந்ததோ நேர்மாறு. வாரந்தோறும் ஆலயங்களில் ஒலித்த மோர்கனின் நடையே வேல்ஷ் உரைநடைக்கு அளவுகோலானது. அரசு கைவிட்ட மொழியை ஒரு கிராமப் போதகரின் உழைப்பு தாங்கியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அருவிக்குப் போகிறவர்கள் முதலில் இந்த ஆலயத்துக்குள் நுழைந்துவிட்டுப் போகட்டும்.